வீட்டு வழங்கியில் மென்பொருள் வன்தட்டு அணி

மென்பொருள் வன்தட்டு அணி என்பது பல வன்தட்டுகளை இயக்குதளத்தின் மூலமாகவே ஒரே சேமிப்பகமாக இணைக்கும் முறை. இதற்கெனத் தனி வன்பொருள் அட்டை தேவையில்லை. ஆங்கிலச் சுருக்கப்பெயர் 'ரெய்டு'. நாளிதழ்களில் வரும் வருமான வரி ரெய்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1988இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் எழுதிய ஆய்வுக் கட்டுரையால் இப்பெயர் பரவியது.

தேவை

புதுக்கோட்டை, தனியார் நூல் சேகரிப்புக்குப் பெயர்பெற்ற ஊர். திருக்கோகர்ணத்தில் உள்ள ஞானாலயா ஆய்வு நூலகம், பா. கிருஷ்ணமூர்த்தி – டோரதி இணையர் தம் சொந்த முயற்சியில் உருவாக்கியது. இத்தகைய பழைய நூல்களை வீட்டிலேயே மின்னாக்கம் செய்ய முனைவோருக்கு முதலில் இடிப்பது சேமிப்பிடம். ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை 300 புள்ளி அடர்த்தியில், வண்ணத்தில், சுருக்காமல் வருடினால் ஏறத்தாழ 26 மெகாபைட் ஆகும். 200 பக்க நூலுக்கு 5 கிகாபைட்டுக்கு மேல்; ஆயிரம் நூலுக்கு 5 டெராபைட். இவ்வளவும் ஒரே தட்டில் இருந்து அது பழுதானால், உதிரும் தாள்களை மறுபடி புரட்ட வேண்டும். சில நூல்கள் இரண்டாம் முறை தாங்கா.

நிலைகள்

நிலை 0 வேகத்துக்கு மட்டுமே. ஒரு தட்டு போனால் எல்லாம் போகும். நிலை 1இல் இரு தட்டுகளிலும் ஒரே தரவு. நிலை 5க்குக் குறைந்தது மூன்று தட்டுகள் வேண்டும்: இரண்டில் தரவு, ஒன்றில் சமநிலைக் குறி. தரவு 1, 0 எனில் குறி 1. இரண்டும் ஒன்றாக இருந்தால் 0. எந்த ஒன்று தொலைந்தாலும் மற்ற இரண்டைக் கொண்டு கணக்கிடலாம். குறி ஒரே தட்டில் தங்காமல் மூன்றிலும் மாறிமாறி எழுதப்படும். மூன்று 4 டெராபைட் தட்டுகளில் 8 டெராபைட் கிடைக்கும். இரண்டே தட்டு வாங்க முடிந்தவருக்கு நிலை 1 போதும், சிக்கலும் குறைவு.

அமைத்தல்

லினக்சில் இதற்கான கருவி எம்டிஏடிஎம். அணியின் பெயர், நிலை, சேரும் தட்டுகள் ஆகியவற்றைச் சொன்னால் அணி உருவாகிவிடும். அதற்கு முந்தைய வேலையில்தான் கவனம் வேண்டும். எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் கணினியை மறுபடி இயக்கும்போது இடம் மாறக்கூடும். எனவே ஒவ்வொரு தட்டின் வரிசை எண்ணையும் தாளில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவிட வேண்டும். பழுதான தட்டை விட்டுவிட்டு நல்லதைக் கழற்றியவர்கள் உண்டு.

அணி பற்றிய விவரம் தட்டுகளிலேயே எழுதப்படுவதால், தாய்ப்பலகை எரிந்தாலும் தட்டுகளை வேறொரு லினக்சு கணினியில் பொருத்தி அணியை எழுப்பலாம். தனி அட்டையைவிட வீட்டுக்கு இது பொருந்துவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

பழுதை மின்னஞ்சலில் தெரிவிக்கும் கண்காணிப்பையும் இயக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு தட்டு இறந்தது தெரியாமலே மாதக்கணக்கில் ஓடும். புதுத் தட்டைப் பொருத்தியதும் மறுகட்டமைப்பு தொடங்கும். நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் 4 டெராபைட்டுக்கு ஏழரை மணி நேரம் ஆகும். அதற்குள் இன்னொரு தட்டும் விழுந்தால் நிலை 5 கைவிடும்.

மின்சாரம்

தரவு எழுதப்பட்டு, குறி எழுதப்படும் முன் மின்சாரம் நின்றால் இரண்டும் பொருந்தாமல் போகும். வீட்டு இன்வெர்ட்டர் மாறும் இடைவெளியிலேயே சில கணினிகள் அணைந்துவிடும். யுபிஎஸ் ஒன்றை யுஎஸ்பி வழியாக வழங்கியுடன் இணைத்து, மின்கலம் தீரும் முன் முறையாக அணையுமாறு அமைப்பது நல்லது.

பிரதி

அணி என்பது காப்புப் பிரதி அன்று. தவறுதலாக அழித்த கோப்பு எல்லாத் தட்டுகளிலும் அதே நொடியில் அழியும். திருட்டு, இடி, வெள்ளத்தின் முன்னும் அணி பயன்படாது. 2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கஜா புயலில் கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் தென்னைகள் சாய்ந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. ஆகவே இன்னொரு பிரதி புறத் தட்டில், அடுத்த தெருவில் அல்லாமல் வேறு மாவட்டத்தில் உள்ள உறவினர் வீட்டில் இருப்பது நல்லது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அதைப் புதுப்பித்து, நாலைந்து நூல்களைத் திறந்து பார்த்துவிட்டு வரலாம்.