பழைய ஸ்டீரியோவில் மீண்டும் சுப்ரபாதம்

வைகறையில் நம் இல்லங்களை எழுப்பும் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டாக வெளிவந்த ஆண்டு 1963. பிலிப்ஸ் நிறுவனம் ஒலிநாடா கேசட்டை உலகுக்கு அறிமுகம் செய்ததும் அதே ஆண்டில்தான். பின்னாளில் பல வீடுகளின் கூடத்தில் ஸ்டீரியோவும், அதன் அருகே பக்திப் பாடல் கேசட்டுகளும் இடம்பெற்றன. இன்று பாடல்கள் கணினிக்கும் கைப்பேசிக்கும் குடிபெயர்ந்துவிட்டன. ஸ்டீரியோவோ துணி போர்த்தப்பட்டு மௌனம் காக்கிறது.

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. தாழ்ந்த ஒலியை எழுப்பக் காற்றை மிகுதியாக அசைக்க வேண்டும். மடிக்கணினியிலும் கைப்பேசியிலும் உள்ள சிறு ஒலிபெருக்கிகளுக்கு அவ்வலிமை இல்லை. ஆகவே தம்புராவின் மந்தர நாதமும், மிருதங்கத் தொப்பியின் கும்கியும் மறைந்து, குரல் மட்டும் மெலிந்து கேட்கிறது. வீட்டுப் பெரியவர்களுக்காக ஒலியைக் கூட்டினால் கரகரப்பே கூடுகிறது. பெரிய ஸ்பீக்கர்கள் கொண்ட பழைய ஸ்டீரியோ இக்குறையைத் தீர்க்க வல்லது. தேவைப்படுவது சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு கேபிள் மட்டுமே.

இணைக்கும் முறை

கேபிளின் ஒரு முனையில் ஹெட்போனுக்கு உள்ளது போன்ற 3.5 மில்லிமீட்டர் பின்னும், மறுமுனையில் வெள்ளை, சிவப்பு நிறங்களில் இரு ஆர்.சி.ஏ. பின்களும் இருக்க வேண்டும். முதலில் ஸ்டீரியோவை அணைத்து, ஒலியளவைக் குறைத்துவிட வேண்டும். சிறிய பின்னைக் கணினியின் ஹெட்போன் துளையில் செருக வேண்டும். மேசைக் கணினியில் அது பெரும்பாலும் பச்சை நிறத் துளை. ஸ்டீரியோவின் பின்புறம் 'ஆக்ஸ்' அல்லது 'லைன் இன்' என எழுதப்பட்ட இடத்தில் வெள்ளைப் பின்னை இடப்பக்கத்துக்கும், சிவப்பை வலப்பக்கத்துக்கும் இணைக்க வேண்டும். 'ஃபோனோ' என்ற துளை இசைத்தட்டுக் கருவிக்கு உரியது. அதில் செருகினால் ஒலி சிதைந்துவிடும். ஐந்து ஊசிகள் கொண்ட வட்டத் துளை உள்ள மிகப் பழைய கருவிகளுக்கு மாற்றுக் கேபிள்கள் உண்டு. ஹெட்போன் துளையே இல்லாத கணினிக்கு, யூ.எஸ்.பி. வழியே ஒலியை அளிக்கும் சிறு கருவி உதவும்.

பின்னர்க் கணினியின் ஒலியளவை முக்கால் பங்குக்கு மேல் வைத்து, கேட்கும் அளவை ஸ்டீரியோவில் சீர்செய்வதே முறை. கணினியில் மிகக் குறைத்து, ஸ்டீரியோவில் மிகக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

ரீங்காரம் கேட்டால்

சில வீடுகளில் பாட்டுக்குப் பின்னால் இடையறாத ரீங்காரம் எழும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் அது நின்றால், மின் இணைப்பின் எர்த் வழியே வரும் தொல்லை என்று அறியலாம். இரு கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் இணைத்தால் பெரும்பாலும் குறையும். ரீங்காரத்தை நிறுத்த எண்ணி ப்ளக்கின் எர்த் முனையை நீக்கிவிடுவது உயிருக்கே ஆபத்து. அதனை ஒருபோதும் செய்யலாகாது.

வழிபாட்டு வேளையில் இடையூறு நேராதிருக்க, கணினியின் அறிவிப்பு ஒலிகளையும், தானே உறங்கிவிடும் அமைப்பையும் நிறுத்தி வைக்கலாம். இணையத்தில் கேட்கும்போது நடுவே விளம்பரம் புகுவதுண்டு. சொந்தக் குறுந்தகடுகளிலிருந்து கணினியில் சேமித்த பாடல்களுக்கு அக்கவலை இல்லை.

வீட்டுக் குரல்கள்

இந்த இணைப்பை எதிர்த்திசையிலும் பயன்படுத்தலாம். ஸ்டீரியோவின் 'டேப் அவுட்' துளையிலிருந்து மேசைக் கணினியின் நீல நிற 'லைன் இன்' துளைக்குக் கேபிளை இணைத்தால், கேசட்டில் உள்ளதைக் கணினியில் பதிவு செய்யலாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகும், விரைவுபடுத்த இயலாது.

புகழ்பெற்ற பாடல்கள் எங்கும் கிடைக்கும். பாட்டி பாடிய நலுங்குப் பாட்டும், தாத்தா முன்னின்று நடத்திய வீட்டு பஜனையும் எந்தக் கடையிலும் கிடைக்கா. அவை அலமாரியில் உள்ள அந்த ஒற்றைக் கேசட்டில் மட்டுமே உள்ளன. ஒலிநாடாவின் காந்தப் பூச்சோ ஆண்டுதோறும் நலிந்து வருகிறது. ஸ்டீரியோ இயங்கும்போதே அக்குரல்களைக் காத்துவைப்பது அடுத்த தலைமுறைக்குச் செய்யும் நற்பணியாகும்.