பங்குனி இலைகளைப் படம் பிடிப்பது

இலைகள் நிறம் மாறுவதைப் படமெடுக்க வேண்டுமானால் காஷ்மீருக்குத்தான் போக வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஐப்பசியில் அங்கே சினார் மரங்கள் சிவந்து நிற்கும்போது, கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து வறண்ட நிலத்துக்கும் அப்படி ஒரு பருவம் இருக்கிறது. குளிரோடு வராமல், மாசிக் கடைசியில் வெயில் ஏற ஏற வருவதால் அதை யாரும் காட்சியாக எண்ணுவதில்லை. எம்.ரெட்டியபட்டி வட்டாரத்தில் அந்த நாள்களில் நடந்து பாருங்கள். வேம்பு மஞ்சளாகப் பழுத்துக் கொட்டும். வாதாமரத்தில் உள்ளங்கையைவிடப் பெரிய இலைகள் செக்கச் சிவந்து தொங்கும். கண்மாய்க் கரை அரசமரம் செம்பு நிறத்தில் கொழுந்து விடும். அறுத்து முடிந்த புஞ்சையில் மிச்சமிருக்கும் சோளத்தட்டையின் தாள்களில் ஊதாச் சிவப்புக் கறை படிந்திருக்கும்.

குளிர்நாட்டு மரங்கள் பகல் குறுகுவதையும் குளிர் கூடுவதையும் கண்டு இலையை உதிர்க்கின்றன. இங்கே மரத்தை முடுக்குவது தாகம். வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்துவிடுகிறது. கண்மாய் வற்றி, கரிசல் பாளம் பாளமாக வெடிக்கத் தொடங்கும்போது, இலைத்துளைகள் வழியாக நீரை இழந்துகொண்டே இருப்பது மரத்துக்குக் கட்டுப்படியாகாது. இலையைக் கழிப்பதென்று தீர்மானித்ததும், அதிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் முதலில் கிளைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த கரோட்டினாய்டு நிறமிகள் வெளித் தெரிகின்றன. ஆகவே வேப்பிலையின் மஞ்சள் புதிதாக வந்ததல்ல, இலை பிறந்தது முதலே உள்ளே இருந்தது.

சிவப்பின் கதை வேறு. வாதாம் இலையின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. உதிரப்போகிற இலை அதைப் புதிதாகத் தயாரிக்கிறது. கழன்று போகப்போகிற இலைக்கு ஏன் இந்தச் செலவு? உள்ளிருக்கும் சத்தை மீட்டெடுத்து முடியும்வரை கடும் வெயிலிலிருந்து இலையைக் காக்கும் திரை அது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அரசின் கொழுந்தும் வேம்பின் துளிரும் செம்பு நிறமாக இருப்பதற்கும் இதே நிறமிதான் காரணம். பச்சையம் நிறையாத இளம் இலைக்கும் அந்தத் திரை தேவை.

குளிர்நாட்டில் உதிர்வுக்கும் துளிருக்கும் நடுவே ஒரு முழுப் பனிக்காலம் கிடக்கிறது. நம் வேம்பில் பழுத்த மஞ்சளும் பிறந்த சிவப்பும் ஒரே வாரத்தில், பல சமயம் ஒரே கிளையில் இருக்கும். படமெடுப்பவருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு வேண்டியதில்லை.

ஆனால் கேமராவை அப்படியே நம்பிவிட முடியாது. டிஜிட்டல் கேமராவானாலும் செல்போனானாலும், பெரும்பாலானவற்றின் உணரியில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு, ஒன்று நீலத்துக்கு. மீதி நிறங்களைக் கேமரா கணக்குப் போட்டு நிரப்புகிறது. வெளிச்சம் எவ்வளவு, அதன் நிறம் என்ன என்பதையும் அதுவே யூகிக்கிறது. அந்த யூகங்கள் கரிசல் காட்டில் தவறிப் போகின்றன.

முக்கியமான தவறு மண்ணால் வருவது. எதிரே உள்ள காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கும் என்று கேமராவின் ஒளிமானி எடுத்துக்கொள்கிறது. கரிசலோ வெளிச்சத்தை விழுங்கும் மண். சட்டத்தில் முக்கால்வாசி கரிசல் இருந்தால், காட்சி இருட்டாக இருக்கிறது என்று முடிவு கட்டி, கேமரா ஒளியைக் கூட்டிவிடும். மண் வெளிறிச் சாம்பலாகும், அதன்மேல் கிடக்கும் மஞ்சள் சருகு வெள்ளைத் திட்டாகிவிடும். கரிசலின் கருமைதான் அந்த மஞ்சளைத் தூக்கிக் காட்டுவது. அது போனால் படமே போயிற்று. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், தேவையானால் ஒன்றரை ஸ்டாப் குறையுங்கள். செல்போனில் இலைமேல் விரலை வைத்தால் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும். வாதாம் இலைக்கும் இதே மருந்துதான். வெயில் பட்ட சிவப்பு இலையில் சிவப்புப் புள்ளிகள் மட்டும் சீக்கிரம் நிரம்பி வழிந்து, நரம்புகள் காணாமல் போய் வெறும் சிவப்புப் பூச்சு மிஞ்சும். ரா கோப்பாக எடுத்தாலும் அளவு மீறி நிரம்பியதை முழுதாக மீட்க முடியாது.

அடுத்தது ஒயிட் பேலன்ஸ். சட்டம் முழுக்க மஞ்சள் இலை நிறைந்திருந்தால், வெளிச்சமே மஞ்சளாக இருக்கிறதென்று எண்ணிக் கேமரா நீலத்தைச் சேர்க்கும். தானியங்கியை விட்டுவிட்டு வெயில் குறியில் நிறுத்திவிடுங்கள்.

இலையின் மெழுகுப் பூச்சு வானத்து வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும்போது, நிறத்தின் மேல் ஒரு வெள்ளைப் பளபளப்பு படரும். பூவரசிலும் புங்கையிலும் இது நன்றாகத் தெரியும். உலோகமல்லாத பரப்பில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்கிறது. 1808இல் பிரெஞ்சுக்காரர் மாலுஸ் கண்டது இது. போலரைசர் ஃபில்டரை லென்ஸ் முன் வைத்துச் சுழற்றினால், ஒரு கட்டத்தில் அந்த ஒளி தடைபட்டு இலையின் சொந்த நிறம் எழும்பி வரும். வெளிச்சம் பாதியோ கால்பங்கோ ஆகும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஃபில்டர் இல்லாதவர்கள் போலராய்டு கறுப்புக் கண்ணாடியைச் செல்போன் லென்ஸுக்கு முன்னால் பிடித்துச் சுழற்றிப் பார்க்கலாம்.

நேரம்தான் இங்கே மிகவும் கறாரானது. இந்த ஊர்கள் வடக்கே ஏறக்குறைய ஒன்பதரை பாகையில் இருக்கின்றன. சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாள்களில், பகல் 12.15 மணி வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். இலையின் முகம் வெளிறி, அடிப்பக்கம் கறுத்துப் போகும். வெயில் ஏறிய பிறகு டெலி லென்ஸில் தூரத்து மரத்தை எடுத்தால், கரிசலின் மேல் எழும் கானல் அதை நெளிய வைக்கும். காஷ்மீரத்து இலையுதிர் காலத்தில் சூரியன் சாய்ந்தபடி மெல்ல ஏறும், இங்கே ஏறக்குறைய செங்குத்தாக, மணிக்குச் சுமார் 15 பாகை ஏறிவிடும். உதயத்திலிருந்து ஒரு மணி நேரம், மறைவதற்கு முன் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் கிடைக்கும். அப்போது சூரியனை நோக்கி நின்று, இலை ஊடாக வரும் ஒளியை எடுங்கள். நிறம் இலைக்குள்ளிருந்து வருவதால் பளபளப்பின் தொல்லை குறையும். எங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலும் இந்த ஒரு வேலைக்கு உதவும். அது கோடையிலும் பச்சையாக நிற்பதால், பழுத்த வேம்புக்கு அதைவிட நல்ல பின்னணி அமையாது. பங்குனிக் காற்றில் பறக்கும் கரிசல் புழுதியில் மட்டும் வெட்டவெளியில் லென்ஸைக் கழற்றி மாட்டாதீர்கள்.

ஒரே ஒரு படத்தோடு நிறுத்திவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். உங்கள் தெருவில் ஒரு வேம்பையோ புங்கையையோ தேர்ந்துகொண்டு, மாசி முதல் சித்திரை வரை வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று எடுத்துத் தேதியைக் குறித்து வையுங்கள். மரங்கள் எப்போது உதிர்க்கின்றன, எப்போது துளிர்க்கின்றன என்று இந்தியா முழுவதும் மாணவர்களிடமும் பொதுமக்களிடமும் குறிப்புகள் சேகரிக்கும் சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது. திருச்சுழிப் பக்கத்து மரங்களின் நாள்குறிப்பும் அதில் ஏற வேண்டும். அதை இந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் செல்போனைக் கொண்டே செய்துவிடலாம்.