பழைய போனுக்கும் திறக்கட்டும் கதவு!

மட்டாஞ்சேரி பஜார் ரோடில் மலைச்சரக்குக் கிட்டங்கி ஒன்றில் கணக்கெழுதும் தமிழ் அன்பர் ஒருவர் நமக்கு அண்டை வீட்டுக்காரர். மகளின் கல்லூரி உதவித்தொகைக்கு இணையதளத்தில் மனுச் செய்ய வேண்டும். அன்றுதான் கடைசி நாள். வேலை முடிந்து வீடு வந்து, ஏழு வருடத்துக்கு முன் வாங்கிய போனில் தளத்தைத் திறந்தார். விவரங்களை எல்லாம் நிரப்பினார். 'சமர்ப்பி' என்ற பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரவு 12 மணி அடித்தது, தவணை தீர்ந்தது.

"போன் பழசு சார், என் தப்புதான்" என்றார் மறுநாள்.

அவர் தப்புத்தானா? எந்த அலுவலகத்தின் தளம் என்பது இங்கே முக்கியம் அல்ல. பழைய போன் வைத்திருப்பவனுக்கு மனுக் கொடுக்கும் உரிமை உண்டா, இல்லையா என்பதே கேள்வி.

அடித்தளம் முதலில்

இந்தக் கேள்விக்கு நிபுணர்கள் எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். 2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆஸ்டின் நகரில் நடந்த மாநாட்டில் ஸ்டீவ் சாம்பியன், நிக் ஃபிங்க் என்ற இருவர் ஒரு முறையை எடுத்துரைத்தனர். 'புரொக்ரஸிவ் என்ஹான்ஸ்மென்ட்' என்று அதற்குப் பெயர். படிப்படியாக மெருகேற்றுதல் என்று நாம் சொல்லலாம். எந்தப் பிரவுசரிலும் வேலை செய்யும் எளிய பக்கத்தை முதலில் அமை. அழகையும் புதுவசதிகளையும் அதன் மேல் சேர். புதுவசதி இல்லாதவனுக்கும் அடிப்படைக் காரியம் நடந்துவிட வேண்டும். இவ்வளவுதான் அதன் சாரம்.

இது நமக்குப் புதிதல்ல. ஃபோர்ட் கொச்சியில் உள்ள டோபி கானாவைப் பார்த்திருப்பீர்கள். 1976இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் கொடுத்த அந்த இடத்தில் நம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சலவைத் தொழில் செய்து வருகின்றன. முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகி வெயிலில் காயவைப்பார்கள், கிளிப் தேவையில்லை. மின்சார இஸ்திரிப் பெட்டி வந்தபோது அதையும் ஏற்றுக்கொண்டார்கள். அதற்காகக் கரிப்பெட்டியைக் காயலில் வீசிவிடவில்லை. கரண்ட் போனாலும் துணி குறித்த நேரத்தில் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர வேண்டும் அல்லவா?

கோளாறு எங்கே?

இணையப் பக்கத்தின் எழுத்தையும் கட்டங்களையும் அமைப்பது ஹெச்.டி.எம்.எல். என்ற குறிமொழி. தனக்குத் தெரியாத குறி வந்தால் பிரவுசர் அதைத் தாண்டிப் போகுமே தவிர, நின்றுவிடாது. 'இது டெலிபோன் நம்பர் கட்டம்' என்று குறித்தால் புதிய போனில் எண் பலகை தானாக வரும். அது தெரியாத பழைய போனில் சாதாரணக் கட்டம் வரும். இரண்டிலும் காரியம் நடக்கும்.

ஜாவாஸ்கிரிப்ட் அப்படியல்ல. தனக்குப் புரியாத ஒரு தொடர் வந்தால் அந்த நிரல் முழுவதுமே ஓடாமல் போகலாம். மனுவை அனுப்பும் பொறுப்பை அதனிடம் மட்டுமே ஒப்படைத்தால், நம் நண்பருக்கு நேர்ந்த கதிதான்.

பழைய போன் மட்டுமே காரணம் என்றும் நினைக்க வேண்டாம். 2013இல் பிரிட்டிஷ் அரசு தன் தளத்துக்கு வருவோரைக் கணக்கெடுத்தது. ஆயிரத்தில் 11 பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் வேலை செய்யவில்லை. அவர்களில் 2 பேரிடம்தான் அந்த வசதி இல்லை, அல்லது நிறுத்தி வைத்திருந்தார்கள். மற்ற 9 பேரிடம் வசதி இருந்தும் அது ஓடவில்லை! சிக்னல் அறுந்தாலும் இப்படி ஆகும். இன்று புதுப் போன் வாங்கியவருக்கும் நாளை இது நேரலாம்.

நாம் பட்ட பாடு

தமிழர்களுக்கு இதில் சொந்த அனுபவமே உண்டு. 1990களில் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஓர் எழுத்துரு. அது நம் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் செய்திக்குப் பதில் கிறுக்கல்தான் தெரியும். 1997 வாக்கில் எழுத்துருவைத் தளமே அனுப்பிவைக்கும் புதுவசதி வந்தது. ஆனால் நெட்ஸ்கேப் பிரவுசருக்கு ஒரு முறை, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு வேறொரு முறை. ஒன்றுக்கு அனுப்பியது மற்றதில் செல்லாது. யூனிகோடு என்ற பொது அடித்தளம் பரவிய பிறகே தொல்லை தீர்ந்தது. 2010இல் தமிழக அரசும் அதை ஏற்று ஆணையிட்டது.

தென்கொரியாவின் கதை இன்னும் பெரிது. 1990களின் இறுதியில் வங்கிப் பணிகளை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ஆக்டிவ் எக்ஸ் வசதியோடு பிணைத்துவிட்டார்கள். அதிலிருந்து மீள அந்நாட்டுக்குச் சுமார் இருபது ஆண்டு பிடித்தது. அந்தப் பிரவுசரோ 2022 ஜூனில் ஓய்வு பெற்றுவிட்டது.

புதுமை வேண்டாமா?

வேண்டும். 'பழைய போனையே பார்த்துக்கொண்டிருந்தால் முன்னேறுவது எப்போது?' என்று நிரல் எழுதும் இளைஞர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. இரண்டு விதமாகச் சோதித்துப் பார்க்கச் செலவும் நேரமும் ஆகும். வீடியோவில் பேசுவது போன்ற சில வசதிகளுக்கு எளிய மாற்று இல்லை. புதுவசதிகளால் ஏழைக்கும் லாபம் உண்டு: பக்கத்தைப் போனிலேயே சேமித்துவைத்து, சிக்னல் இல்லாதபோதும் காட்ட இன்று முடிகிறது.

எந்தப் புதுமையை எப்போது நம்பலாம் என்பதற்கும் 2023 முதல் 'பேஸ்லைன்' என்ற அளவுகோல் இருக்கிறது. முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் ஒரு வசதி வந்து 30 மாதம் ஆனால் அது பரவலாகிவிட்டதாகக் கொள்கிறார்கள். ஆனால் நம்மவர்கள் கையில் ஏழு வருடப் போனும் இருக்கிறது. ஆகவே அலங்காரத்துக்குப் புதுமை இருக்கட்டும். மனு, கட்டணம், சான்றிதழ் ஆகியவை அது இல்லாமலும் நடக்கட்டும்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது என்ன? கடைசி நாள் வரை காத்திராதீர்கள். போனில் பிரவுசரைப் புதுப்பிக்க முடிந்தால் புதுப்பியுங்கள். முடியாவிட்டால், 2002இல் கேரள அரசு தொடங்கிய அக்ஷயா மையங்களில் ஒன்றை நாடுங்கள். பக்கம் திறக்காவிட்டால், போனின் மாடல், பிரவுசரின் பெயர், நாள், நேரம் எல்லாவற்றையும் குறித்து அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள்.

நம் நண்பர் அப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அதில் 'என் தப்பு' என்ற சொல் இல்லை.