கொலு முடிந்ததும் குடில்

டிசம்பர் மாதத்தில் மருத்துவமனைக்கு வருவோர் நுழைவுக் கூடத்தில் அமைந்துள்ள கிறிஸ்துமஸ் குடிலின் முன் சற்று நின்றுவிட்டுச் செல்வதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். கையில் மருந்துச் சீட்டும் ஸ்கேன் உறையுமாக வருகிறவர்களும் நிற்கின்றனர். பிள்ளைகள் ஒட்டகத்தைத் தொட்டுப் பார்க்கின்றனர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேறுபாடு அந்த இடத்தில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆயினும் இப்பொம்மைகளைச் செய்தவர் யார் என்று கேட்பவர் மிகக் குறைவு. அவர்களைப் பற்றி இவ்விதழில் எழுத விரும்புகிறோம். அவர்கள் நமக்கு அயலார் அல்லர். முழங்கால் வலிக்கும் இருமலுக்கும் புறநோயாளர் பிரிவில் வரிசையில் நிற்பவர்களுள் அவர்களும் உண்டு.

விழுப்புரத்தை அடுத்த அய்யங்கோவில்பட்டு, காகிதக்கூழால் செய்யப்படும் விநாயகர் சிலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். நம் மாவட்டத்தின் எல்லையை ஒட்டிய புதுச்சேரிப் பகுதியில் திருக்கனூரின் காகிதக்கூழ்க் கைவினையும் வில்லியனூரின் சுடுமண் கைவினையும் புவிசார் குறியீடு பெற்றவை. தெற்கே பண்ருட்டி, கொலுப் பொம்மைக்குப் பெயர் போனது. இவ்வட்டாரம் முழுவதையுமே ஒரு பெரிய பொம்மைப் பட்டறை என்று சொன்னால் மிகையாகாது. இப்பட்டறைகளை நடத்துவோர் பெரும்பாலும் இந்துக் குடும்பத்தினர். கணவன் அச்சில் கூழை அழுத்துவார். மனைவி உப்புத்தாள் கொண்டு தேய்ப்பார். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் வெயிலில் காயும் பொம்மைகளைத் திருப்பி வைப்பர். சொல்லப்போனால் இது ஒரு சிறுவணிகமே. முதலாளியும் தொழிலாளியும் ஒரே வீட்டில் ஒரே சோற்றை உண்கிறார்கள் என்பதுதான் வேறுபாடு.

அவர்களுடைய ஆண்டு நம் நாட்காட்டியின்படி நடப்பதன்று. ஆவணியில் விநாயகர் சதுர்த்தி; அடுத்து நவராத்திரிக் கொலு; கார்த்திகைக்கு அகல் விளக்கு; மார்கழியில் கிறிஸ்துமஸ் குடில்; தையில் பொங்கல் பானை. மண் வேலையும் கூழ் வேலையும் தெரிந்த ஊர்களில் ஒரு விழா விடும் இடத்தை அடுத்த விழா பிடித்துக்கொள்கிறது. கொலுவில் கண்ணனுக்குப் பின்னே நிற்கும் பசுவும் குடிலில் குழந்தை இயேசுவுக்குப் பின்னே நிற்கும் பசுவும் உடன்பிறந்தவை போலத் தோன்றுமானால் அதில் வியப்பில்லை. பசுவுக்கு இரு விழாவிலும் வேலை உண்டு.

செய்முறையைச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய தாள்களை நீரில் ஊற வைத்து அரைத்துக் கூழாக்குகின்றனர். அதனுடன் மரவள்ளிக் கிழங்கு மாவும் சுண்ணாம்புத் தூளும் சேர்த்துச் சப்பாத்தி மாவைப் போலப் பிசைகின்றனர். முன்பாதி ஓர் அச்சிலும் பின்பாதி வேறோர் அச்சிலும் அழுத்தப்படும். ஓரளவு காய்ந்ததும் இரண்டையும் பசை கொண்டு ஒட்டி, இணைப்புத் தெரியாதபடி மேலும் சிறிது கூழைப் பூசி, மீண்டும் வெயிலில் வைக்கின்றனர். நன்கு உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளைப் பூச்சு ஏற்றி, வண்ணம் தீட்டுகின்றனர். கண் எழுதுவது கடைசி வேலை. அந்த வேலையைக் குடும்பத்தில் கை நடுங்காத ஒருவருக்கே விடுவது வழக்கம். மரியாளின் கண் தாழ்ந்திருக்க வேண்டும். சூசையப்பரின் கண் மரியாளை நோக்க வேண்டும். ஞானிகள் மூவரின் கண்கள் குழந்தையின் மேல் நிற்க வேண்டும். ஒரு மயிரிழை பிசகினாலும் ஞானி கூரையைப் பார்ப்பவராகிவிடுவார்.

இவ்வளவுக்கும் வேண்டிய மூலப்பொருள் வெயில். அதுதான் இவர்களுக்கு மார்கழியில் கிடைப்பதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. விழுப்புரமும் திண்டிவனமும் ஆண்டின் பெரும்பங்கு மழையைப் பெறுவது அப்பொழுதுதான். விநாயகர் சிலை கோடையில் தொடங்கிக் காய்ந்துவிடும். குடில் பொம்மையோ ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய வேண்டும். நான்கு நாள் மழை நின்று பெய்தால் கூழில் பூஞ்சணம் பிடிக்கும். ஒட்டிய இடம் பிரியும். கூரைக்குள் அடுப்பு மூட்டி உலர்த்தலாம். ஆனால் விறகுக்கும் எரிவாயுவுக்கும் ஆகும் செலவு பொம்மையின் விலையைத் தின்றுவிடும்.

2024ஆம் ஆண்டு இதனை மறக்க முடியாதபடி காட்டிச் சென்றது. அவ்வாண்டு நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடுத்த இரு நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் தென்பெண்ணை கரை புரண்டது. அரசூர் அருகே தேசிய நெடுஞ்சாலையில் போக்குவரத்து நின்றது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே உள்ள பாலத்தில் வெள்ளம் ஏறியதால் ரயில்களும் நின்றன. வீடுகளுக்குள் நீர் புகுந்த நிலையில் மருத்துவமனைகளுக்கு வருவதே பலருக்கு அரிதாயிற்று. கிறிஸ்துமஸுக்கு அப்பொழுது மூன்றரை வாரமே இருந்தது. கார்த்திகைத் தீபத்துக்கோ இரண்டு வாரத்திற்கும் குறைவு. காகிதக்கூழும் பச்சை மண்ணும் நீரில் நின்றால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இத்தொழிலில் ஒரு பருவத்தின் இழப்பு அடுத்த பருவத்தின் முதலை உண்ணும். முன்பணம் வாங்கியவர் அதைத் திருப்பித் தர வேண்டும். தாளும் மாவும் வண்ணமும் கடனுக்கு எடுத்தவர் வட்டி கட்ட வேண்டும்.

மழையினும் நுட்பமான ஒரு சிக்கலும் இத்தொழிலில் உண்டு. விநாயகர் சிலை நீரில் கரைக்கப்படுவது. ஆகவே அடுத்த ஆண்டும் புதிது வேண்டும். குடில் பொம்மை கரைக்கப்படுவதன்று. தை பிறக்குமுன் தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் இட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டால் பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு கூட இருக்கும். எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ அவ்வளவுக்கு அவருடைய வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்! எனவே குடில் வணிகம் வீடுகளை மட்டும் நம்பி நிற்க இயலாது. ஆலயங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள், புதிதாகக் குடில் வைக்கத் தொடங்கும் கடைகள், தெருவுக்கு ஒரு குடில் அமைக்கும் இளைஞர் குழுக்கள் ஆகியவற்றையே அது நம்பியிருக்கிறது. முகையூரிலும், முன்பு நம் மாவட்டத்தில் இருந்து இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த எறையூரிலும் கத்தோலிக்க மக்கள் பெருந்தொகையாக வாழ்கின்றனர். அத்தகைய ஊர்களில் வைக்கோல் வேய்ந்து, கேழ்வரகோ கம்போ தூவி முளைக்க வைத்த பசும்புல்லின் நடுவே பொம்மைகளை நிறுத்துவது வழக்கம். அம்மன் கோயில் முளைப்பாரியைக் கண்டவர்களுக்கு அந்தப் புல் புதிதன்று.

குடிலின் வரலாறும் ஒரு வகையில் எளியோர் கைவேலையின் வரலாறே. இத்தாலியில் கிரேச்சோ என்னும் மலையூரில் 1223ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இரவில் அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் தீவனத்தொட்டி ஒன்றில் வைக்கோலை இட்டு, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொணர்ந்து நிறுத்தினார். பொம்மைகள் பின்னர் வந்தவை. நேப்பிள்ஸ் நகரின் சான் கிரிகோரியோ அர்மேனோ என்ற குறுந்தெருவில் இன்று ஆண்டு முழுவதும் குடில் பொம்மைக் கடைகள் நடக்கின்றன. அங்கே இடையர்களுக்கு அருகில் கால்பந்து வீரர் மாரடோனாவின் பொம்மையும் விற்கும். மாடும் கழுதையும் நற்செய்தி நூல்களின் பிறப்புப் பகுதியில் குறிப்பிடப்படவில்லை என்பதும், ஞானிகள் மூவர் என்ற எண்ணிக்கை அங்கே இல்லை என்பதும் பலருக்கு வியப்பாக இருக்கலாம். மரபு சேர்த்தவை அவை.

ஒரு சமயத்தாரின் விழாவுக்கு இன்னொரு சமயத்தாரின் கடை உழைப்பதும் நம் நாட்டுக்குப் பழையது. தலச்சேரியில் 1883இல் மாம்பள்ளி பாபு தம் பேக்கரியில் கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்தார். கொல்கத்தா புதுச் சந்தையில் யூதக் குடும்பம் ஒன்று தொடங்கிய நாகூம் பேக்கரியின் வாசலில் டிசம்பர்தோறும் பழக் கேக்குக்காக மக்கள் வரிசையில் நிற்கின்றனர். ஆனால் கேக்கு உண்டவுடன் தீர்ந்துவிடும். பொம்மையோ நம்மைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது.

மருத்துவமனையில் பணிபுரிவோருக்குக் குடில் இன்னொரு பொருளிலும் நெருக்கமானது. அது ஒரு பிரசவக் காட்சி. தங்க இடமின்றி, உதவிக்கு மருத்துவச்சியின்றி, மாட்டுத்தொழுவில் ஒரு தாய் பெற்றெடுத்த குழந்தை. அங்கே தாயும் சேயும் நலமாயிருந்தனர். எல்லாத் தாய்மார்க்கும் அவ்வாறு வாய்ப்பதில்லை என்பதைத் திண்டிவனம் அறியும். 1890களின் தொடக்கத்தில் அவ்வூரில் மருத்துவப் பணி செய்துவந்த ஜான் ஸ்கடரின் மகள் ஐடா, நோயுற்ற தாயைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். ஓர் இரவில் அந்தணர் ஒருவரும், முஸ்லிம் ஒருவரும், வேறோர் இந்துவும் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையில் இருந்த தம் மனைவிமார்க்கு உதவுமாறு அவரை வேண்டினர். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையார் வருவார் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் பார்ப்பதை அவர்களின் வழக்கம் ஏற்கவில்லை. விடிந்தபோது மூன்று தாய்மாரும் இறந்திருந்தனர். ஐடா மருத்துவம் பயின்று 1900ஆம் ஆண்டு திரும்பி வந்தார். அவர் வேலூரில் 1902இல் தொடங்கிய மருத்துவமனைக்கு வேண்டிய பணத்தில் 10,000 டாலரை நியூயார்க்கு வங்கியாளர் ராபர்ட் ஷெல், மறைந்த தம் மனைவி மேரி டேபரின் நினைவாக அளித்தார். அம்மருத்துவமனை வளர்ந்தே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாயிற்று. நம் திண்டிவனத்தில் கதவு தட்டப்பட்ட அந்த இரவை நினைப்பவர்க்கு, குடிலில் குனிந்திருக்கும் தாயின் முகம் வேறு விதமாகத் தோன்றக்கூடும்.

இனிச் சில நடைமுறைச் செய்திகள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் குடிலுக்கு வைக்கோல் வேண்டா. அதன் தூசியும் ஈரத்தில் அதில் வளரும் பூஞ்சையும் மூச்சிரைப்பைத் தூண்டும். சணல் துணியோ பழுப்புத் தாளோ போதும். ஆக்சிஜன் உருளையோ ஆக்சிஜன் செறிவூட்டியோ பயன்படுத்தும் நோயாளரின் அறையில் மெழுகுவர்த்தி எந்த வடிவிலும் கூடாது. பொம்மையை வாயில் வைக்கும் வயதுடைய குழந்தைகள் உள்ள வீட்டில் வண்ணத்தைக் குறித்துக் கேட்டறிதல் நல்லது. வீட்டுப் பயன்பாட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. தொழிற்சாலைப் பூச்சுகளை அவ்விதி கட்டுப்படுத்தாது. விலை மலிவென்று அவற்றை வாங்கித் தீட்டுவது குழந்தைக்கு மட்டுமன்று, தீட்டுபவருக்கும் தீங்கு.

செய்பவர்களுக்கும் ஒரு சொல். உலர்ந்த பொம்மையைத் தேய்க்கும்போது எழும் தூள் நுண்ணியது. துண்டை மூக்கில் கட்டுவது போதாது, தூசி வடிகட்டும் முகக்கவசம் வேண்டும். காற்றோட்டமுள்ள திண்ணையில் தேய்த்தால் பாதித் தொல்லை குறையும். குந்தியிருந்து நாள் முழுதும் அச்சு அழுத்துவோர் அரை அடி உயரப் பலகையொன்றில் அமர்ந்தால் முழங்காலும் இடுப்பும் நன்றி சொல்லும். மழைக்காலத்தில் இருமல் இரண்டு வாரம் நீடித்தால், வேலை முடியட்டும் என்று தை வரை தள்ளாமல் சளிப் பரிசோதனைக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

வாங்குபவர்க்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. குடில் பொம்மைகளை டிசம்பர் 20ஆம் நாளுக்குமேல் தேடாதீர்கள். ஆடி, ஆவணியில் வெயில் இருக்கும்போதே ஆலயமோ பள்ளியோ சிறிது முன்பணத்துடன் சொல்லி வைத்தால், மழைக்கு முன் காய்ந்த பொம்மை கிடைக்கும். செய்பவருக்கும் கந்துவட்டிக்குப் போகும் தேவை குறையும். தொகுப்பு முழுவதையும் ஒரே ஆண்டில் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. முதலாண்டு திருக்குடும்பம் மூவர், மறு ஆண்டு இடையரும் ஆடுகளும், அதற்கடுத்த ஆண்டு ஞானிகளும் ஒட்டகமும் என்று சேர்ப்பது இருவருக்கும் நல்லது.

ஜனவரி 6, திருக்காட்சிப் பெருவிழா முடிந்ததும் குடிலைப் பிரிக்கும்போது, பொம்மைகளை ஒரு நாள் நிழலில் காற்றாட வைத்து, செய்தித்தாளில் சுற்றி, ஈரம் ஏறாத இடத்தில் வையுங்கள். காற்றுப் புகாத நெகிழிப் பையில் இட்டுக் கட்டினால் உள்ளே தங்கும் ஈரமே கூழைக் கெடுத்துவிடும். காது உடைந்த ஆட்டையும் கால் ஒடிந்த ஒட்டகத்தையும் குப்பையில் போட வேண்டா. சிறிது கூழும் ஒரு பூச்சும் இருந்தால் அவை சரியாகிவிடும். மாசியும் பங்குனியும் பட்டறைகளில் வேலை குறைந்த மாதங்கள். அப்பொழுது கொண்டுபோய்க் கொடுத்தால் நிதானமாகப் பார்த்துத் தருவார்கள்.