இளையர் கதைகள் பாகுபாட்டைக் குறைக்குமா?

"கதைப் புத்தகம் படிச்சு என்ன ஆகப்போகுது? அசெஸ்மென்ட் புக்கை எடு!"

பல வீடுகளில் கேட்கும் பேச்சுதான். ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளையின் நிறத்தை மற்றவர்கள் கிண்டல் செய்யும்போது என்ன செய்வது என்று பயிற்சித்தாள் சொல்லித் தராது. கதை சொல்லித் தருமா?

ஆய்வு என்ன சொல்கிறது?

இத்தாலியில் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் சிலர் 6 வாரங்களுக்கு ஹாரி பாட்டர் கதைகளைப் படித்தனர். ஒரு குழு பாகுபாட்டைக் காட்டும் பகுதிகளைப் படித்துப் பேசியது. இன்னொரு குழு வேறு பகுதிகளைப் படித்தது.

முதல் குழுவில், ஹாரியோடு தங்களை அதிகம் ஒப்பிட்டுக்கொண்ட பிள்ளைகளிடம் குடியேறிகள் மீதான மனப்பான்மை மேம்பட்டது. ஆய்வு 2015இல் வெளியானது.

சும்மா படித்தால் மட்டும் போதாது. கதாபாத்திரத்தோடு ஒன்ற வேண்டும், படித்ததைப் பேசவும் வேண்டும்.

கண்ணாடியா, சன்னலா?

அமெரிக்கக் கல்வியாளர் ருடின் சிம்ஸ் பிஷப் 1990இல் ஓர் எளிய விளக்கம் தந்தார். நல்ல புத்தகம் சிலருக்குக் கண்ணாடி. அதில் தங்களையே பார்ப்பார்கள். சிலருக்குச் சன்னல், அதன்வழி அடுத்தவர் வாழ்க்கை தெரியும்.

சிங்கப்பூரர் பல்லி கோர் ஜஸ்வாலின் 'ஷுகர்பிரெட்' நாவல் (2016) அப்படிப்பட்டது. நாயகி பின் 10 வயது சீக்கியச் சிறுமி. கிறிஸ்துவ மிஷன் பள்ளியில் படிக்கிறாள், இனக் கேலியையும் சந்திக்கிறாள். பெரியவர்களுக்கான நாவல் என்றாலும் பதின்ம வயதினரும் படிக்கலாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, குடியிருப்பாளர்களில் இந்தியர்கள் சுமார் 9 விழுக்காடு. வகுப்பில் ஒரே இந்தியப் பிள்ளையாக இருந்தவர்களுக்கு அது கண்ணாடி. மற்றவர்களுக்குச் சன்னல்.

புத்தகமே தவறான எண்ணத்தை விதைத்தால்?

அதுவும் நடக்கும். 2018இல் இங்கு வெளியான ஒரு சீனமொழிச் சிறுவர் நூலில், மற்றவர்களைத் துன்புறுத்தும் சிறுவன் மட்டும் கறுத்த நிறத்தில் சித்திரிக்கப்பட்டிருந்தான். 2020இல் அதற்கு எதிர்ப்பு கிளம்பியது. தேசிய நூலக வாரியம் அதை மறுஆய்வுக்காக எடுத்துவைத்தது. பதிப்பகம் விற்பனையை நிறுத்தியது.

"சின்னப் பிள்ளைங்க கதைதானே" என்று விட்டுவிட முடியாது. கெட்டவன் என்றால் கறுப்பு என்று ஒரு பிள்ளை சிறு வயதிலேயே பழகிவிட்டால், பள்ளிப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்காருபவரையும் அப்படித்தான் பார்க்கும்.

நம் பக்கமும் பார்க்கலாமா?

பாகுபாடு என்றதும் மற்றவர்கள் நம்மை நடத்தும் விதம்தான் நினைவுக்கு வரும். ஆனால், "ஞாயித்துக்கிழமை தேக்கா பக்கம் போகாதே, ஒரே கூட்டம்" என்று நம் வீடுகளிலும் சொல்கிறோமே!

அந்தக் கூட்டத்தில் தமிழ் பேசும் வெளிநாட்டு ஊழியர்களும் இருக்கிறார்கள். வாரம் முழுதும் உழைத்துவிட்டு ஊருக்குப் பணம் அனுப்பவும் நண்பர்களைப் பார்க்கவும் வருபவர்கள். மொழி ஒன்றாக இருந்தும் வசதி வேறுபாடு இடைவெளியை உண்டாக்குகிறது. பங்களாதேஷ் கட்டுமான ஊழியர் முகுல் ஹொசைனின் 'மீ மைக்ரன்ட்' (2016) கவிதைத் தொகுப்பு. வார இறுதிக் கூட்டத்தில் இருக்கும் ஒருவர் என்ன நினைக்கிறார் என்பதை அது காட்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

- பிள்ளை படிக்கும் புத்தகத்தை நீங்களும் படியுங்கள். ஓர் அத்தியாயம் போதும்.
- "பாடம் என்ன?" என்று கேட்காதீர்கள். "நீ அந்த இடத்தில இருந்தா என்ன செஞ்சிருப்பே?" என்று கேளுங்கள்.
- கதையில் யார் பேசுகிறார்கள், யாருக்குப் பேச்சே இல்லை என்று கவனிக்கச் சொல்லுங்கள்.
- வேறு இனத்தவர் எழுதிய புத்தகம் ஒன்றையும் சேர்த்து எடுங்கள்.

ஜூலை 21, இன நல்லிணக்க நாள். பிள்ளைகள் பாரம்பரிய உடை அணிந்து பள்ளிக்குப் போவார்கள். மறுநாள் உடை அலமாரிக்குள் போய்விடும். அந்த வாரம் லிட்டில் இந்தியா பக்கம் போனால், அருகிலுள்ள விக்டோரியா ஸ்திரீட் நூலகத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள்.