வேடந்தாங்கல் ஏரியும் பக்ஷிகளும்

செங்கற்பட்டு ஜில்லா மதுராந்தகம் தாலுகாவிலுள்ள வேடந்தாங்கல் ஏரி, மண்கரையிட்டு மழைஜலத்தைத் தேக்கும் பழைய பாசன ஏரிகளுள் ஒன்று. அதன் பரப்பு சுமார் 74 ஏக்கரே. ஆயினும், வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், வக்கா, அரிவாள்மூக்கன் முதலிய பக்ஷிகள் ஆயிரக்கணக்கில் வந்து, ஏரியினுள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் கூடு கட்டுகின்றன. மரத்தைச் சுற்றிலும் ஜலம் நிற்பதே குஞ்சுகளுக்குக் காவலாகும்.

இதனால் குடியானவர்களுக்கு உண்டாகும் பிரயோஜனம் சிறிதன்று. பக்ஷிகளின் எச்சம் ஜலத்தில் விழுந்து கரைகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த அந்த ஜலமே மதகு வழியாக வயல்களுக்குப் பாய்கிறது. இவ்வுண்மையை அவ்வூரார் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர். பக்ஷிகளைச் சுடலாகாதென்று அவர்கள் செய்துகொண்ட முறையீட்டின்பேரில், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜில்லாக் கலெக்டர் லயனல் பிளேஸ் கௌல் ஒன்று அளித்தார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் ஏரி சரணாலயமாக அங்கீகாரம் பெற்றது. 2022-இல் ராம்சார் ஒப்பந்தத்தின் ஜாபிதாவிலும் சேர்ந்தது. தீபாவளியன்று வெடி வெடியாமலிருப்பது அவ்வூர் வழக்கம்.

எனினும், இச்சிறிய ஏரி ஒன்றே அத்தனை பக்ஷிகளுக்கும் இரையளிக்க இயலாது. அவை மீன், நத்தை, தவளை இவற்றைத் தேடிச் சுற்றிலுமுள்ள ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் செல்கின்றன. ஆகவே, பக்கத்துக் கிராமத்து ஏரி தூர்ந்தாலும், வயலில் தெளித்த பூச்சிமருந்து வாய்க்காலில் வடிந்தாலும், நஷ்டம் வேடந்தாங்கலையும் சேரும்.

ஏரியைச் செப்பனிடுகையில் மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. உத்தரவு பெற்று வண்டல் எடுக்கும்போது, கரையின் அடியை ஒட்டித் தோண்டுதல் கூடாது, கரை பலவீனப்படும். ஏரி முழுவதையும் ஒரே ஆழமாக வெட்டுவதும் தகாது. நீர்பிடிப்பு ஓரம் சரிவாகவும் ஆழமின்றியும் இருந்தாலே கொக்கும் நாரையும் நின்று இரை தேட முடியும். கரைக்கு எட்டத்தில் ஆழமான மடு ஒன்று இருப்பின், கோடையில் ஏரி வற்றும்போது விரால், கெளுத்தி முதலிய மீன்கள் அதில் தங்கி அடுத்த மழைக்கு விருத்தியாகும்.

மரங்களின் விஷயத்திலும் பேதம் அறிதல் அவசியம். ஏரியினுள் நிற்கும் மரங்களை வெட்டாமல், வேரடியில் மண்மேடு விட்டுக் காக்கவேண்டும். கரைமீது முளைக்கும் செடிகளையோ இளமையிலேயே களைய வேண்டும். அவை பெரிதாகிப் பட்டுப்போனால், வேர் மக்கிய துவாரங்களில் ஜலம் கசிந்து, வெள்ளக்காலத்தில் உடைப்பு உண்டாகும்.

கரை உடைந்தால் பயிரும் போகும், மீனும் போகும், பக்ஷிகளும் அவ்வருஷம் கூடு கட்டமாட்டா. கரையைப் பேணுகிறவர் இம்மூன்றையும் ஒருங்கே பேணுகிறவராவார்.