படம் ஓடுவது தியேட்டரில்... நாயகன் இருப்பது ஜெயிலில்! தெரியுமா?

'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்ட படம் என்று தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1944 அக்டோபர் 16, தீபாவளி அன்று சென்னை பிராட்வே தியேட்டரில் திரைக்கு வந்தது. 1945 தீபாவளிக்கும் அங்கேயே ஓடியது. 1946 தீபாவளிக்கும் அங்கேயே! சரி, அந்த இரண்டாவது, மூன்றாவது தீபாவளிகளுக்கு அதன் கதாநாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர் எங்கே இருந்தார் தெரியுமா?

சிறையில்! அதுவும் கொலை வழக்கில்!

தனியாகவா? இல்லை! அதே படத்தில் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த என்.எஸ். கிருஷ்ணனும் உள்ளேதான்! பாட்டு ஒருவர், சிரிப்பு ஒருவர். தமிழ் சினிமாவின் இரண்டு கண்களும் ஒரே வழக்கில்!

அப்படி யாரைக் கொன்றதாக வழக்கு? சி.என். லட்சுமிகாந்தன். 'சினிமா தூது' என்று ஒரு பத்திரிகை நடத்தியவர். நடிகர் நடிகையரின் அந்தரங்கம்தான் அதில் சரக்கு! திட்டிக்கொண்டே வாங்கினார்கள், வாங்கி ஒளித்து வைத்துப் படித்தார்கள். பொறுக்க முடியாமல் மூன்று பேர் சேர்ந்து கவர்னர் ஆர்தர் ஹோப்புக்கு மனு போட்டார்கள். பத்திரிகையின் லைசென்ஸ் ரத்தானது. அந்த மூன்று பேர் யார் யார்? பாகவதர், என்.எஸ்.கே., கோவை பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடு!

கைது செய்யப்பட்ட சினிமாக்காரர்கள் யார் யார்? அதே மூன்று பேர்!

இன்னொன்று கேளுங்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1943இல், 'சிவகவி' வந்து சக்கைப்போடு போட்டதே, அதில் நாயகன் பாகவதர், நகைச்சுவை என்.எஸ்.கே., இயக்கியவர் ஸ்ரீராமுலு நாயுடு! டைட்டில் கார்டில் வந்த பெயர்கள் அப்படியே குற்றப்பத்திரிகைக்கு இடம் மாறிவிட்டன!

லைசென்ஸ் போன பிறகு லட்சுமிகாந்தன் சும்மா இருந்தாரா? அதுதான் இல்லை! 'இந்துநேசன்' என்ற பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். 1944 நவம்பர் 8. வேப்பேரியில் ஒரு வக்கீல் நண்பரைப் பார்த்துவிட்டுக் கைரிக்‌ஷாவில் திரும்பிக்கொண்டிருந்தார். மனிதன் இழுக்கிற ரிக்‌ஷா, எவ்வளவு வேகம் போய்விடும்? வழிமறித்தார்கள், கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. 'ஹரிதாஸ்' வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை!

டிசம்பர் 27ஆம் தேதி பாகவதரும் என்.எஸ்.கே.யும் கைது. படம் அப்போது பதினோராவது வாரத்தில்!

கூட்டம் குறைந்ததா? பெயர் கெட்டுப்போன நடிகரின் படம் என்று ஜனங்கள் திரும்பிப் போனார்களா? கணக்கைப் பாருங்கள்: பதினோராவது வாரத்தில் நாயகன் ஜெயிலுக்குப் போனார், படமோ நூறு வாரத்தைத் தாண்டி ஓடியது! பிராட்வேயில் படம் ஓடிய வாரங்களில் பெரும்பங்கு, அவர் கம்பிக்குப் பின்னால் இருந்த வாரங்கள்!

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. பழைய மதராஸ் வரைபடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். படம் ஓடிய பிராட்வே தியேட்டர், விசாரணை நடந்த ஐகோர்ட், குத்துப்பட்டவர் இறந்த ஜெனரல் ஆஸ்பத்திரி, அதை ஒட்டியிருந்த மத்திய சிறை, குத்து விழுந்த வேப்பேரி. எல்லாம் சில மைல் வட்டத்துக்குள்! காலையில் ஐகோர்ட் வாசலில் பாகவதரை எட்டிப் பார்க்கக் காத்து நின்ற ஒருவர், வெயில் தாழ நடந்தே பிராட்வேக்குப் போய், டிக்கெட் எடுத்து, அதே பாகவதர் பாடுவதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்! ஒரே நாளில் இரண்டு தரிசனம்!

கோர்ட்டுக்குள் வந்துபோனவர்கள் பட்டியலே ஒரு வேடிக்கை. என்.எஸ்.கே.க்காக வாதாடப் பம்பாயிலிருந்து வந்தவர் யார் தெரியுமா? கே.எம். முன்ஷி! பின்னாளில் இந்திய அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அதே முன்ஷி! எதிரிகள் தரப்பு வக்கீல்களில் ஓர் இளைஞர், கோவிந்த் சுவாமிநாதன். அவருடைய தங்கை யார்? நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி! தங்கை பிரிட்டிஷ் ராஜ்யத்தை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கினார், அண்ணன் அதே ராஜ்யத்தின் கோர்ட்டில் கறுப்பு அங்கி போட்டு வாதாடினார்!

நீதிபதி மாக்கெட். பக்கத்தில் ஜூரிகள் ஒன்பது பேர். தீர்ப்பைச் சொல்வது அவர்கள்தான். என்ன சொன்னார்கள் தெரியுமா? ஆறு பேர் 'குற்றவாளி' என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். 6க்கு 3! இரண்டே பேர் மாறிச் சொல்லியிருந்தால் தமிழ் சினிமாவின் சரித்திரமே வேறு!

1945 மே 3. பாகவதருக்கும் என்.எஸ்.கே.க்கும் ஆயுள் தண்டனை. ஐந்தே நாளில், மே 8 அன்று, ஐரோப்பாவில் உலகப் போரே முடிந்துவிட்டது. உலகம் வெற்றி கொண்டாடியபோது தமிழ்நாட்டு ரசிகன் முகத்தில் ஈயாடவில்லை!

அன்றைய சட்டப்படி அந்த ஆயுள் தண்டனைக்குப் பெயர் தீவாந்திர தண்டனை. தீவு என்றால் அந்தமான்! ஆனால் அந்தமானே அப்போது ஜப்பான்காரன் கையில்! அனுப்பத் தீவே இல்லாத தீவாந்திர தண்டனை! வேடிக்கை இதோடு முடியவில்லை. போர்ஜரி வழக்கில் மாட்டி நிஜமாகவே அந்தமான் ஜெயிலுக்குப் போய்வந்த ஒருவர் இந்தக் கதையில் உண்டு. யார்? செத்துப்போன லட்சுமிகாந்தன்!

ஸ்ரீராமுலு நாயுடு? விசாரணையிலேயே விடுதலை! அவர் கதைக்குப் பிறகு வருகிறேன், அது தனிக் கதை.

பாகவதர் உள்ளே போனதும் வெளியே என்ன ஆனது தெரியுமா? கைதானபோது பன்னிரண்டு படங்களுக்கு ஒப்பந்தமாகியிருந்தார் என்று சொல்வார்கள். எல்லாம் போயிற்று! 'உதயணன் வாசவதத்தா'வில் அவர்தான் உதயணன் என்று முடிவாகியிருந்தது. கடைசியில் அந்த வேடம் கட்டியது யார்? சங்கீத வித்வான் ஜி.என். பாலசுப்பிரமணியம்! ஒரு கொலை வழக்கால் சினிமாவில் ராஜா வேடம் கிடைத்தது ஜி.என்.பி.க்கு!

இப்போது என்.எஸ்.கே. வீட்டுப் பக்கம் வாருங்கள். டி.ஏ. மதுரம் என்ன செய்தார் தெரியுமா? ஜோடி போட்டு நடித்த கணவர் சிறையில், வருமானம் நின்றுவிட்டது, வக்கீல் செலவு கழுத்தை நெரிக்கிறது. மூலையில் உட்கார்ந்தாரா? நாடகக் கம்பெனி நடத்தினார்! எஸ்.வி. சகஸ்ரநாமம், கே.ஆர். ராமசாமி எல்லாம் தோள் கொடுத்தார்கள். 'பைத்தியக்காரன்' என்றொரு நாடகம் போட்டார்கள். ஜனம் திரண்டு வந்தது! டிக்கெட் பணம் எங்கே போனது? கோர்ட் செலவுக்கு! பொழுதுபோக்குக்கு நாடகம் பார்க்க வந்தவர்கள், தெரிந்தும் தெரியாமலும் என்.எஸ்.கே.யின் வக்கீல் பீஸைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்!

அந்த நாடகத்தைப் படமாக எடுக்க ஆரம்பித்தார்கள். படம் முடிவதற்குள் என்.எஸ்.கே. விடுதலையாகி வந்துவிட்டார். விடுவார்களா? கதையில் இல்லாத ஒரு பாத்திரத்தை அவருக்காகவே உண்டாக்கிச் சேர்த்துவிட்டார்கள்! அவரை வெளியே கொண்டுவர நடந்த நாடகத்தின் படத்தில் அவரே நடித்தார்! அதே 1947 படத்தில் ஒரு துணை வேடத்தில் வந்துபோகும் இளைஞர் யார் தெரியுமா? எம்.ஜி.ஆர்.!

அது சரி, ஆயுள் தண்டனை கிடைத்தவர்கள் எப்படி வெளியே வந்தார்கள்? ஐகோர்ட்டிலேயே அப்பீல் செய்தார்கள். 1945 அக்டோபரில் தள்ளுபடி! அப்போது நமக்கு ஏது சுப்ரீம் கோர்ட்? லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார்கள். ஜூரி சொன்னதைத் தொடக்கூடாது என்பதுபோல அப்பீலைக் குறுகலாகப் பார்த்துவிட்டீர்கள், சாட்சியங்களையும் சேர்த்து மறுபடி விசாரியுங்கள் என்று அங்கிருந்து வழக்கு திரும்பி வந்தது. இந்த முறை வாதாட எழுந்தவர் வி.எல். எத்திராஜ். ஆமாம், மறு வருடமே பெண்களுக்குக் கல்லூரி தொடங்கினாரே, அதே எத்திராஜ்தான்! எழும்பூரில் எத்திராஜ் கல்லூரி வழியாகப் போகும் எத்தனை பேருக்கு பாகவதர் ஞாபகம் வரும்?

1947 ஏப்ரல் 25. இருவரும் நிரபராதிகள்! விடுதலை! நாட்டுக்கு விடுதலை கிடைக்க அப்போது நான்கு மாதம்கூட இல்லை!

இனிமேல்தான் உண்மையான அதிசயம். ஒரே வழக்கு, ஒரே கறை, முடிவில் மூவருக்கும் விடுதலை. ஜனங்கள் மூவரையும் ஒரே மாதிரி ஏற்றுக்கொண்டார்களா?

முதலில் நாயுடு. 1954இல் 'மலைக்கள்ளன்' எடுத்தார். எம்.ஜி.ஆருக்குப் பெரிய திருப்பம்! அந்த ஒரே கதை எத்தனை மொழியில் போனது தெரியுமா? ஆறு! தெலுங்கில் என்.டி. ராமராவ், இந்தியில் திலீப்குமார்! மலையாளம், கன்னடம், சிங்களத்தைக்கூட விடவில்லை! பத்து வருஷத்துக்கு முன் கொலை வழக்கில் பெயர் அடிபட்டவரா இவர் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்து என்.எஸ்.கே. சிறையிலிருந்து வந்த அதே 1947இல், பம்மல் சம்பந்த முதலியார் கையால் 'கலைவாணர்' பட்டம்! ஜெயிலுக்குப் போனபோது வெறும் என்.எஸ்.கே., வந்த பிறகு கலைவாணர்! 'நல்லதம்பி'க்கு அண்ணா எழுதினார். 'மணமகள்', 'பணம்' படங்களைத் தானே இயக்கினார். 1951இல் சோவியத் ருஷ்யாவையே பார்த்துவிட்டு வந்தார்!

பாகவதர்?

கைதுக்கு முன்பு அவர் நடித்து வெளிவந்தவை ஒன்பதே படங்கள். ஒன்பதே! அதற்குத்தான் அந்தக் கூட்டம், அந்த பாகவதர் கிராப்! 'சிந்தாமணி' ஓடிய லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே எழும்பி, அதற்கும் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள்! விடுதலைக்குப் பிறகு ஐந்து படங்கள். ஒன்றாவது பழைய மாதிரி ஓடியதா? ஒன்றுகூட இல்லை!

முதல் படத்தின் பெயரைப் பாருங்கள்: 'ராஜமுக்தி'! ராஜா விடுபட்டு வந்துவிட்டார் என்று தெருவே கொண்டாடியிருக்க வேண்டாமா? புனேயில் எடுத்தார்கள், 1948இல் வந்தது, படுத்துவிட்டது. அதற்கு வசனம் எழுத புனேக்குப் போனவர் யார் தெரியுமா? புதுமைப்பித்தன்! போன இடத்தில் காசநோய் முற்றியது, 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் காலமானார். ஒரு படம் எத்தனை பேரைக் காவு வாங்கும்!

ஜனங்கள் பாகவதரைக் குற்றவாளி என்று நினைத்துவிட்டார்களா? அப்படியும் சொல்ல முடியாதே! உள்ளே இருந்தவரைக்கும் அவர் படத்துக்கு வரிசையில் நின்றவர்கள் இவர்கள்தானே! அவர் இல்லாத நேரத்தில் ரசனை மாறிவிட்டது என்பதுதான் எனக்குத் தோன்றுகிறது. பாட்டை விட்டுவிட்டு வசனத்துக்குக் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். என்.எஸ்.கே. அந்த அலையில் ஏறிக்கொண்டார். பாகவதர் பாடிக்கொண்டே கரையில் நின்றுவிட்டார்.

1952 'அமரகவி'யில் பாகவதர், என்.எஸ்.கே., மதுரம் மூவரும் மறுபடி ஒரே திரையில் வந்தார்கள். அதுவும் கைகொடுக்கவில்லை. 1957இல் 'புதுவாழ்வு' படத்தைப் பாகவதர் தானே இயக்கினார். வாழ்வு புதிதாகவில்லை. சர்க்கரை நோய் கண்பார்வையைப் பறித்தது. 1959 நவம்பர் 1 அன்று காலமானார். வயது 49! எந்த ஆஸ்பத்திரியில் தெரியுமா? லட்சுமிகாந்தன் கண்ணை மூடிய அதே ஜெனரல் ஆஸ்பத்திரியில்! கடைசிப் படம் 'சிவகாமி' வந்தபோது அவரே இல்லை!

கலைவாணர் மட்டும் நீண்ட ஆயுளா? அவர் இரண்டு வருஷம் முந்தி, 1957 ஆகஸ்ட் 30 அன்றே போய்விட்டார். அவருக்கு 48! சம்பாதித்ததை அள்ளி அள்ளிக் கொடுத்துக் கரைத்துவிட்டுப் போனார். ஆனால் ஊர் மறக்கவில்லை. 1969 ஜனவரி 14 அன்று தியாகராய நகரில் அவர் சிலையைத் திறந்து வைத்தவர் முதலமைச்சர் அண்ணா. நோய் முற்றியிருந்த நிலையிலும் வந்தார். அதுவே அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி!

பாகவதர் குடும்பம்? தங்கத் தட்டில் சாப்பிட்டவர் என்று இன்றும் கதை கதையாகச் சொல்கிறோமே, அந்த மனிதரின் பேரன் 2021இல் பிழைக்க வழியில்லை என்று அரசுக்கு மனு கொடுக்க வேண்டியிருந்தது! தமிழ்நாடு அரசு 5 லட்சம் ரூபாயும் குடியிருக்க ஒரு வீடும் கொடுத்தது. விடுதலைத் தீர்ப்பு வந்து அப்போது எத்தனை வருஷம் ஆகியிருந்தது தெரியுமா? எழுபத்து நான்கு!